தொட்டால் உடையும் நிரல்: பராமரிப்புச் சிக்கல்களைக் கண்டுபிடிப்பது, சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நிரலோடு மல்லுக்கட்டும் டீம்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரு கடையின் பில்லிங் மென்பொருளையே எடுத்துக்கொண்டேன். ஜிஎஸ்டி எல்லோருக்கும் தெரியும், தனியாக விளக்க வேண்டியதில்லை.

நிரல் ஓடுகிறது, வாடிக்கையாளரும் குறை சொல்லவில்லை. அப்புறம் என்ன சிக்கல்?

இன்றைக்கு ஒன்றும் இல்லை. அடுத்த மாற்றம் கேட்கும்போது தெரியும். பில்லில் ஒரு வரி கூடுதலாக அச்சாக வேண்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். அரை நாள் வேலை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் இரண்டு வாரம் இழுக்கிறது. முடித்துக் கொடுத்த மறுநாள், ஸ்டாக் ரிப்போர்ட் தப்பாக வருகிறது என்று போன் வருகிறது. பராமரிப்புச் சிக்கல் என்று நான் சொல்வது இதைத்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

2011ல் வந்த ஐஎஸ்ஓ 25010 தரநிலை பராமரிப்புத் தன்மையை ஐந்தாகப் பிரித்தது: பகுதி பகுதியாகப் பிரிந்திருப்பது, வேறு இடத்திலும் பயன்படுத்த முடிவது, கோளாறு எங்கே என்று ஆராய முடிவது, மாற்ற முடிவது, சோதிக்க முடிவது. நடைமுறையில் கடைசி மூன்றைப் பிடித்துக்கொண்டாலே போதும் என்பது என் கட்சி. முதல் இரண்டும் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும்.

எங்கள் நிரல் இரண்டு லட்சம் வரி. எங்கே தேடத் தொடங்குவது?

நிரலைத் திறக்காதீர்கள். முதலில் கிட் (நிரலில் யார், எதை, எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றைத் திறங்கள்.

கடந்த ஒரு வருடத்துக் கமிட்களில் (கிட்டில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்) தொடப்பட்ட ஃபைல்களின் பெயர்களை மட்டும் எடுத்து, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வந்ததை மேலே வைத்து வரிசைப்படுத்துங்கள். கிட் லாக் கட்டளையின் வெளியீட்டை சார்ட், யூனிக் இரண்டிலும் செலுத்தினால் ஒரே வரியில் முடிகிற வேலை. கிட்டத்தட்ட எல்லா ப்ராஜெக்டிலும் ஒரே மாதிரி படம்தான் கிடைக்கும்: ஒரு கைப்பிடி ஃபைல்கள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், மீதி எல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை கூடத் தொடப்படாமல் கிடக்கும். அந்த மேல் பட்டியலில் எவை நீளமாகவும் சிக்கலாகவும் இருக்கின்றனவோ, அவைதான் உங்கள் இடங்கள். அடிக்கடி மாறுவதும் புரியாததும் ஒரே ஃபைலில் சேர்ந்தால்தான் காசு கரையும். யாரும் தொடாத ஒரு 3,000 வரி ஃபைல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதனால் இன்றைக்கு யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்து, எந்த ஃபைல்கள் எப்போதும் ஜோடியாக மாறுகின்றன என்று பாருங்கள். பில் அச்சிடும் ஃபைலை மாற்றும்போதெல்லாம் ஸ்டாக் ஃபைலும் கூடவே மாறியிருந்தால், இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு இருக்கிறது. ஒரு ஃபைல் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளும் இம்போர்ட் வரிகளில் அது தெரியாது. டேட்டாபேஸில் ஒரே நெடுவரிசையை இரண்டும் வேறு வேறு அர்த்தத்தில் படிப்பதாக இருக்கலாம், ஒரே பட்டியல் இரண்டு இடத்தில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கலாம்.

கடைசியாக, எந்தக் கருவியும் தராத ஒரு தகவல். டீமில் உள்ளவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்த ஃபைலைத் தொடச் சொன்னால் மாட்டேன் என்பீர்கள்?" பதில்கள் அநேகமாக ஒத்துப்போகும்.

நிரலை ஆராய்ந்து குறைகளைப் பட்டியலிடும் சோனார்க்யூப் கருவியை ஓட்டினோம். ஆயிரக்கணக்கில் பிரச்சினை காட்டுகிறது. எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டுமா?

வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து, ஒரு மாதம் உட்கார்ந்து எச்சரிக்கைகளைத் துடைத்த டீம்கள் உண்டு. முடிவில் டாஷ்போர்டு பச்சையாக இருக்கும், பில்லில் ஒரு வரி சேர்க்க அதே இரண்டு வாரம் ஆகும்.

அந்தக் கருவியே சொல்லும் வழி வேறு. பழையது அப்படியே இருக்கட்டும், இனிமேல் எழுதுவதற்குக் கட்டுப்பாடு வையுங்கள் என்கிறது. அதன் இயல்பான விதித்தொகுப்பு புதிதாக எழுதிய நிரலில் 80 சதவீதமாவது டெஸ்ட் தொட்டிருக்க வேண்டும், நகல் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கேட்கும். இந்த எண்கள் வேதவாக்கு இல்லை, ஆனால் தொடங்க நல்ல இடம்.

இன்னொன்று: கருவிக்கு வடிவம் தெரியும், அர்த்தம் தெரியாது. பயன்படாத வேரியபிளைக் காட்டிக் கொடுக்கும். "தள்ளுபடி" என்ற பெயரில் ஒரு இடத்தில் ரூபாயும் இன்னொரு இடத்தில் சதவீதமும் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டாது.

சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்ஸிட்டி 10ஐத் தாண்டினால் தப்பா?

1976ல் தாமஸ் மெக்கேப் கொடுத்த அளவு இது. ஒரு ஃபங்ஷனுக்குள் பாதை பிரியும் இடங்களை (இஃப், லூப், கேஸ்) எண்ணி ஒன்றைக் கூட்டினால் வருவதுதான். 10 என்ற வரம்பும் அவர் சொன்னதே. நியாயமான வரம்பு என்று மட்டும் சொன்னார், தாண்டினால் குற்றம் என்று சொல்லவில்லை.

இந்த அளவின் பலவீனம் சுலபமாகத் தெரியும். மாநிலக் குறியீட்டை மாநிலப் பெயராக மாற்றும் ஒரு ஸ்விட்ச் 30ஐத் தாண்டும், ஆனால் பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும். இஃபுக்குள் இஃப், அதற்குள் லூப், அதற்குள் இன்னொரு இஃப் என்று போகும் ஃபங்ஷன் 5 என்று காட்டும், படிப்பவர் தலை சுற்றும். உள்ளே உள்ளே போகப்போக அபராதம் போடும் காக்னிட்டிவ் காம்ப்ளெக்ஸிட்டி என்ற அளவை சோனார் ஆட்கள் பின்னால் கொண்டுவந்தது இதனால்தான். லினக்ஸ் கெர்னலின் நடை வழிகாட்டி இன்னும் முரட்டுத்தனமாகச் சொல்லும்: மூன்று படிக்கு மேல் உள்தள்ள வேண்டியிருந்தால் உங்கள் நிரலில்தான் கோளாறு, அதைச் சரிசெய்யுங்கள்.

உள்தள்ளலைக் குறைக்க எளிய வழி, வேண்டாதவற்றை முதலிலேயே வாசலோடு திருப்பி அனுப்புவது. பில் காலியா, திரும்பிப் போ. வாடிக்கையாளர் இல்லையா, பிழை சொல்லித் திரும்பிப் போ. மிச்சமிருக்கும் வேலை இடது ஓரத்திலேயே நேராக இறங்கும்.

வரி விகிதத்தை நேரடியாக எண்ணாக எழுதினால் என்ன குடி முழுகிவிடும்?

2025 செப்டம்பர் 22 அன்று எத்தனையோ பேருக்கு விடை தெரிந்த கேள்வி இது. அன்றைக்கு ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5க்கும் 18க்கும் மாறின. நெய் 12லிருந்து 5, சிமெண்ட் 28லிருந்து 18.

"12ஐத் தேடி 5 ஆக்கிவிட்டால் முடிந்தது" என்று நினைத்தவர் தேட ஆரம்பித்ததும் என்ன கண்டிருப்பார்? 12 என்று எழுதிய இடங்களில் பாதி, வருடத்துக்கு 12 மாதம் என்ற கணக்கு. வரியோ 12 என்ற உருவத்திலேயே இல்லை. ஒரு இடத்தில் 0.12. மத்திய வரி, மாநில வரி என்று பிரிக்கும் இடத்தில் 0.06. வரி சேர்ந்த விலையிலிருந்து வரி இல்லாத விலையைப் பிரிக்கும் இடத்தில் 112. மாத ரிப்போர்ட்டுக்காக டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்க்யூஎல் கட்டளைக்குள் ஒன்று. அச்சு வார்ப்புருவில் வெறும் எழுத்தாக "6%" என்று இன்னொன்று.

இதில் ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரி சேர்த்து 560 ரூபாய்க்கு விற்ற நெய்: 560ஐ 100ஆல் பெருக்கி 112ஆல் வகுத்தால் வரி இல்லாத விலை 500, வரி 60. புது விகிதத்தில் விலை 525, அதில் வரி 25. விலையை மாற்றிவிட்டு அந்த 112ஐ மட்டும் மறந்தால், வரி இல்லாத விலை 468 ரூபாய் 75 காசு என்றும் வரி 56 ரூபாய் 25 காசு என்றும் அச்சாகும். மொத்தம் 525தானே வருகிறது, கவுண்டரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் ஆடிட்டர்தான் கண்டுபிடிப்பார்.

சரி, எல்லா எண்ணையும் ஒரே மாறிலியாக்கி மேலே வைத்துவிட்டால்? அதுவும் பாதிக் கிணறுதான். செப்டம்பர் 20ஆம் தேதி போட்ட பில்லை அக்டோபரில் மறுபடி அச்சிடக் கேட்டால் 12 சதவீதம்தான் வர வேண்டும். ஆக, விகிதம் என்பது ஒரு எண்ணே இல்லை. பொருளையும் தேதியையும் கொடுத்தால் கிடைக்கும் விடை. ஹெச்எஸ்என் குறியீடு (ஜிஎஸ்டியில் பொருளின் வகையைக் குறிக்கும் எண்), விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்று நெடுவரிசை உள்ள ஒரு அட்டவணை, அதைக் கேட்டுச் சொல்லும் ஒரே ஒரு ஃபங்ஷன், 112 போன்றவற்றை விகிதத்திலிருந்து கணக்கிடும் ஒரே ஒரு இடம். இப்படி வைத்திருந்தவர்களுக்கு அந்த மாற்றம் அட்டவணையில் சில வரிகள் சேர்க்கும் வேலையாக முடிந்திருக்கும்.

ஒரே மாதிரி நிரல் இரண்டு இடத்தில் இருந்தால் உடனே ஒன்றாக்கிவிட வேண்டுமா?

உடனே வேண்டாம். இரண்டும் ஒரே காரணத்துக்காக மாறுமா என்று முதலில் கேளுங்கள். மேலே சொன்ன 112 நான்கு இடத்தில் இருந்தால் அது ஒரே விஷயத்தின் நான்கு நகல், ஒன்றாக்கலாம். ஆனால் சில்லறை பில்லின் தள்ளுபடியும் மொத்த வியாபாரத் தள்ளுபடியும் இன்றைக்கு வரிக்கு வரி ஒன்றாக இருக்கலாம். நாளைக்குத் தீபாவளிச் சலுகை சில்லறைக்கு மட்டும் வரும். ஒன்றாக்கி வைத்திருந்தால் அந்த ஃபங்ஷனுக்கு ஒரு ட்ரூ-ஃபால்ஸ் கொடி (ஆம், இல்லை என்று சொல்லி நிரலின் போக்கைத் திருப்பும் ஃப்ளாக்) முளைக்கும், அடுத்த வருடம் இரண்டாவது கொடி. மூன்றாவது கொடி வந்துவிட்டால், அந்த ஃபங்ஷனை மறுபடி இரண்டாகப் பிரிப்பதுதான் ரீஃபேக்டரிங் (நடத்தையை மாற்றாமல் நிரலின் வடிவத்தை மட்டும் சீர்செய்வது).

பயன்படாத பழைய நிரல் ஓரமாகக் கிடக்கிறது. கிடந்துவிட்டுப் போகட்டுமே?

நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. முழு விவரமும் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவில் இருக்கிறது.

அவர்களுடைய ஆர்டர் அனுப்பும் மென்பொருளில் பவர் பெக் என்றொரு பகுதி இருந்தது. 2003லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நீக்கவில்லை. கேட்ட அளவு பங்கு வாங்கியாயிற்று, போதும் நிறுத்து என்று எண்ணிச் சொல்லும் ஃபங்ஷனை 2005ல் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். பவர் பெக் இன்னும் சரியாக ஓடுகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. செத்த நிரலுக்கு யார் டெஸ்ட் ஓட்டுவார்கள்?

2012ல் புது வசதி ஒன்று தேவைப்பட்டது. பவர் பெக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எழுதினார்கள். முன்பு பவர் பெக்கை இயக்கிய அதே கொடியைப் புது வசதிக்கும் வைத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புது நிரல் ஏறியது. எட்டாவதில் ஏற்ற விட்டுப்போயிற்று. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்தது. எட்டாவது சர்வருக்கு வந்த கொடி ஒன்பது வருடம் தூங்கிய பவர் பெக்கை எழுப்பியது. போதும் என்று சொல்ல ஆள் இல்லாமல் அது ஆர்டர் மேல் ஆர்டராக அனுப்பியது. 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சம் வர்த்தகங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். நடுவில் பதற்றத்தில் மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை எடுத்துவிட்டார்கள். அவற்றிலும் பழையது எழுந்து நிலைமை இன்னும் மோசமானது.

ஏற்றுவதில் நடந்த தவறு என்று இதைச் சுருக்கிவிடலாம், அதுவும் உண்மைதான். ஆனால் 2003லேயே அந்த நிரலை நீக்கியிருந்தால் எட்டாவது சர்வர் ஒரு பிழைச் செய்தியைத் தந்துவிட்டு நின்றிருக்கும். அதனால்: பயன்படாததை நீக்குங்கள். கமெண்ட் போட்டு மறைத்து வைக்காதீர்கள். பழையதைத் திரும்ப எடுக்கத்தான் கிட் இருக்கிறது. உண்மையிலேயே பயன்படவில்லையா என்று சந்தேகமிருந்தால், அது ஓடினால் பதிவு விட்டுச் செல்லும் ஒரு லாக் வரியை உள்ளே போட்டு, ஆண்டுக் கணக்கு முடிப்பு போன்ற அபூர்வ வேலைகளும் வந்துபோகும் அளவு காத்திருந்துவிட்டு எடுங்கள். பழைய கொடிக்குப் புது அர்த்தம் கொடுப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. எப்படித் தைரியமாகக் கை வைப்பது?

நிரல் என்ன செய்ய வேண்டும் என்று எழுதப் போகாதீர்கள். அது யாருக்கும் முழுசாகத் தெரியாது. இப்போது என்ன செய்கிறது என்று பதிவு செய்யுங்கள். பழைய நிரலைக் கையாள்வது பற்றிப் புத்தகம் எழுதிய மைக்கேல் ஃபெதர்ஸ் இந்த வகை டெஸ்டுக்கு கேரக்டரைசேஷன் டெஸ்ட் என்று பெயர் வைத்தார்.

பில்லிங்கில் இது சுலபம். உண்மையான பழைய பில்களில் சில நூறை எடுங்கள். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரை அழித்துவிடுங்கள். சாதாரண பில், திரும்ப வந்த சரக்கு, பூஜ்ய விலை இலவசப் பொருள், வெளி மாநில பில் என்று எல்லா வகையும் இருக்கட்டும். அவற்றை இப்போதைய நிரலில் ஓட்டி வெளியீட்டை ஃபைலாகச் சேமியுங்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி ஓட்டி ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் நிறுத்துங்கள். இன்றைய தேதி, பில் எண் போல ஓட்டும்போதெல்லாம் மாறுகிறவற்றை வெளியிலிருந்து கொடுக்கும்படி முதலில் மாற்ற வேண்டியிருக்கும். அநேகமாக முதல் ரீஃபேக்டரிங்கே அதுதான்.

இதில் என்ன மாட்டும் என்பதற்கு ஒரு உதாரணம். 33 ரூபாய் 30 காசு பொருளுக்கு 5 சதவீத வரி 1.665, முழுமையாக்கினால் 1.67. பழைய நிரல் மத்திய, மாநில வரிகளைத் தனித்தனியே 0.8325 என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் 0.83 ஆக்கிக் கூட்டுகிறது: 1.66. "ஏன் இரண்டு முறை கணக்கிட வேண்டும்" என்று யாராவது சுத்தம் செய்தால் ஒரு காசு நகரும். பில்லுக்கு ஒரு காசுதான், ஆனால் ஏற்கெனவே தாக்கல் செய்த கணக்கோடு ஒத்துப்போகாது. ஒப்பீட்டு டெஸ்ட் அந்த இடத்திலேயே கையைப் பிடிக்கும்.

பழைய வெளியீட்டில் உண்மையான பக் தெரிந்தால் அதையும் அப்படியே பதிவு செய்யுங்கள். திருத்துவது தனிக் கமிட். வடிவத்தை மாற்றும் கமிட்டும் நடத்தையை மாற்றும் கமிட்டும் கலந்தால், பின்னால் பிரச்சினை வரும்போது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

பேசாமல் மொத்தத்தையும் புதிதாக எழுதிவிட்டால்?

நெட்ஸ்கேப் செய்து பார்த்தது. பதிப்பு 4க்குப் பிறகு ப்ரௌசரைப் பெரும்பாலும் புதிதாக எழுதினார்கள். 5 வெளிவரவே இல்லை, 6 வந்தது 2000 நவம்பரில். அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையை எடுத்துக்கொண்டது. எழுதி முடிக்கும்வரை பழையதையும் பராமரிக்க வேண்டும், புதியது பழையதை எட்டிப் பிடிக்கவும் வேண்டும் என்பதுதான் இதில் ஆளைக் கொல்வது.

பழையதின் முன்னால் ஒரு வாசல் வைத்து, ஒவ்வொரு வேலையாகப் புதியதற்குத் திருப்பிவிடுவது பாதுகாப்பானது. முதலில் பில் அச்சு மட்டும், பிறகு ரிப்போர்ட், பிறகு ஸ்டாக். நடுவில் பணம் தீர்ந்து நிறுத்தினாலும் கையில் ஓடும் மென்பொருள் இருக்கும். நிரல் மிகச் சிறியதாக இருந்தாலோ, அது நிற்கும் மேடையே போய்விட்டதென்றாலோ புதிதாக எழுதுவதில் தப்பில்லை.

உள்தள்ளல், அடைப்புக்குறி என்று டீமில் தினமும் சண்டை. இதற்கும் பராமரிப்புக்கும் சம்பந்தம் உண்டா?

சண்டைக்கு இல்லை, அடைப்புக்குறிக்கு உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் சரிசெய்த பாதுகாப்பு ஓட்டையில், ஒரு இஃபுக்குக் கீழே "கோட்டூ ஃபெயில்" (மிச்சத்தை விட்டுவிட்டு ஃபெயில் என்ற இடத்துக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை இருந்தது. இரண்டாவது வரியும் உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் பார்க்க இஃபுக்குள் இருப்பது போலத் தெரிந்தது. அடைப்புக்குறி இல்லாததால் உண்மையில் வெளியே இருந்தது, எப்போதும் ஓடியது. அதன் கீழே இருந்த கையெழுத்துச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை. ஜிசிசி கம்பைலர் 6ஆம் பதிப்பிலிருந்து இப்படி ஏமாற்றும் உள்தள்ளலுக்கு எச்சரிக்கை தருகிறது.

வடிவமைப்பை, நிரலைத் தானாகவே ஒரே நடையில் அடுக்கித் தரும் ஒரு ஃபார்மேட்டரிடம் விட்டுவிடுங்கள். அதன் முடிவு யாருக்கும் பிடிக்காது, ஆனால் சண்டை நின்றுவிடும்.

கமெண்ட் எவ்வளவு எழுத வேண்டும்?

என்ன செய்கிறது என்பதற்குக் கமெண்ட் தேவைப்பட்டால் பெயரை மாற்றிப் பாருங்கள். ஏன் இப்படி என்பதற்கு எழுதுங்கள். "இரு வரிகளையும் தனித்தனியே முழுமையாக்குவது வேண்டுமென்றே, கணக்குத் தாக்கலோடு ஒத்துப்போக" என்று ஒரு வரி அந்த 0.83க்குப் பக்கத்தில் இருந்திருந்தால் யாரும் சுத்தம் செய்யக் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

ஏஐ எழுதித் தந்த நிரலுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். கூடுதலாக ஒரு கவலையும் உண்டு: ஏற்கெனவே இருக்கும் ஃபங்ஷனைத் தேடிப் பயன்படுத்தாமல், அதே வேலைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை எழுதித் தந்துவிடும் பழக்கம் அதற்கு இருக்கிறது. ரிவியூவில் "இது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா?" என்ற கேள்வியை முதலில் வையுங்கள்.

மேனேஜர் நேரம் தர மாட்டேன் என்கிறார். எப்படிக் கேட்பது?

"ரீஃபேக்டரிங்குக்கு ஒரு மாதம்" என்று கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அந்த ஒரு மாதத்தின் முடிவில் அவர் வாடிக்கையாளரிடம் காட்ட எதுவும் இருக்காது.

வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1992ல் ஒழுங்குபடுத்தாத நிரலைக் கடனோடு ஒப்பிட்டார், அந்த உவமை மேனேஜர்களுக்கு நன்றாகவே புரியும். ஆனால் உவமையோடு நிறுத்தாமல் வட்டியைக் காட்டுங்கள். கடைசியாகச் செய்த சில மாற்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் சொன்ன நாள் எத்தனை, ஆன நாள் எத்தனை, அதற்குப் பின் வந்த பக் எத்தனை, எல்லாம் எந்த ஃபைலில். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான்கில் மூன்று ஒரே ஃபைலில் முட்டியிருந்தால் அவரே கேள்வி கேட்பார்.

அதன் பிறகு அடுத்த வேலைக்கு மதிப்பீடு தரும்போது, அந்த ஃபைலில் தொட வேண்டிய பகுதியை மட்டும் ஒழுங்குபடுத்தும் நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்துச் சொல்லுங்கள். தனி வரியாகப் போட்டால் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

ஒரு பகுதி ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். என்ன செய்வது?

ஆவணம் எழுதச் சொல்லி உட்கார வைக்காதீர்கள். மிச்சமுள்ள நாட்களில் அந்தப் பகுதியில் வரும் எல்லா வேலையையும் வேறொருவர் கையில் கொடுங்கள். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லட்டும், கீபோர்டைத் தொடக் கூடாது. கேட்ட கேள்விகளையும் பதில்களையும் புதியவர் எழுதி, நிரலோடு சேர்த்தே கமிட் செய்யட்டும். முதல் நாளே கேட்க வேண்டியது: ரிலீஸ் அன்று நீங்கள் கையால் செய்யும் வேலைகள் என்னென்ன, பாஸ்வேர்டுகள் எங்கே இருக்கின்றன.